நிலைக்கும் உழைப்பும் மறையும் உழைப்பும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகையில் நம் இல்லங்களில் இருவகை வேலைகள் நடைபெறுகின்றன. சுவர்களுக்கு வெள்ளையடித்தல் ஒன்று. உறவினர் கூடும் விருந்துக்குச் சமைத்தல் மற்றொன்று. இவற்றுள் உயர்ந்தது எது?

நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, மட்டையால் இருமுறை பூசுகிறோம். ஈரத்தில் மங்கலாகத் தோன்றும் பூச்சு, காய்ந்தபின் வெண்மையாய்த் துலங்குகிறது. வருவோரெல்லாம், "நீங்களே அடித்தீர்களா?" என்று வியக்கின்றனர். அச்சுவர் ஆண்டு முழுவதும் அவர் பெருமையைப் பேசும்.

அடுக்களை உழைப்போ பந்தியோடு மறைந்துவிடுகிறது. முதல்நாளே மாவரைத்து, விடியுமுன் அடுப்பு மூட்டியவள், கடைசிப் பந்தியில் எஞ்சியதை உண்கிறாள். அவளுக்கு மிஞ்சுவன கழுவவேண்டிய பாத்திரங்களே.

நிலைத்து நிற்பதே மதிப்புடையது எனில், பசியாற்றும் பணி அனைத்தும் மதிப்பற்றதாகிவிடும். உழைப்பின் மாண்புக்கு அளவுகோல் செய்யப்படும் பொருளன்று, செய்யும் மனிதரே என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட, மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில் விளக்குகிறார். இல்லத்தின் அன்றாடச் சுமையைத் தாங்கும் பெண்களின் உழைப்பைச் சிலவேளைகளில் சொந்தக் குடும்பத்தாரே உணர்வதில்லை என்றும் அதில் சுட்டிக்காட்டுகிறார்.

"சாப்பாடு அருமை" என்னும் பாராட்டு இக்குறையைத் தீர்த்துவிடுமா? பாராட்டியபின்னும் பாத்திரங்கள் அங்கேயே கிடக்கின்றனவே! அன்பர்களே, மட்டை பிடித்த கைகள் அடுக்களைக்கும் வரட்டும். சமைத்தவள் முதற்பந்தியில் அமரட்டும்.