விரதமில்லா யாத்திரை

கோடை விடுமுறையில் மலையேறி வரும் மனிதன் அங்கே எதைத் தேடுகிறான் என்ற கேள்வியை, உல்லாசப் பிரயாணம் பற்றிய லௌகிக விஷயமென்று ஒதுக்கிவிடாமல், சமய விசாரணைக்குரியதாகவே கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில், அன்றாட வாழ்வின் சலிப்பை உதறிவிட்டு, தன்னிலும் பெரிதான ஒன்றன் முன்னே சிறிது நேரம் வாய்மூடி நிற்க வேண்டுமென்ற தாகமே அன்று க்ஷேத்திராடனம் செய்தவனை நடத்திற்று, இன்று குடும்பத்தோடு வாடகைக் காரில் வருபவனையும் அழைத்து வருகிறது.

உதகையிலிருந்து வரும் சாலையும் குன்னூரிலிருந்து வரும் சாலையும் கோத்தகிரியை நோக்கி ஒன்றுசேரும் கட்டபெட்டில், மே மாதத்து முற்பகலில் நின்று பார்த்தால், கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்த பெண்கள் சாலையைக் கடக்க வழியின்றி ஓரத்தில் காத்திருப்பது தெரியும். தேயிலைச் சரிவில் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தாலோ, வண்டிகள் நடுச்சாலையிலேயே நின்றுவிடும், கதவுகள் திறக்கும், கைபேசிகள் உயரும், தாய்மாடு கன்றை மறைத்து நின்று தலையைத் தாழ்த்தும். வந்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய தாகம் மெய்யானது. அதற்குத் துணையாக இருந்த விரதம்தான் கழன்றுவிட்டது.

குளிர்காலத்தில் இதே வட்டாரத்துப் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும்போது, படகர் பெருமக்கள் விரதமிருந்து, வெள்ளுடை தரித்து, ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து நடந்து செல்கிறார்கள். அவர்கள் காண்பதும் இதே குன்றுகளும் இதே பனியும்தான். மேற்கே முக்கூர்த்தி சிகரமோ, இம்மலையின் பழங்குடியினரான தோடர்களுடைய நம்பிக்கைப்படி, இறந்தவரின் ஆவி மறுவுலகம் செல்லும் வழியில் நிற்பது. நம்மில் பலருக்கு அது நிழற்படத்தின் பின்னணி.

அழகே தெய்வ சாந்நித்தியமாயிற்றே, அதைக் காண விரதம் எதற்கு என்று கேட்கலாம். அழகுக்கு அது வேண்டியதில்லை, காண்பவனுக்கு வேண்டும். ஆயத்தமில்லாத கண் எந்தக் காட்சியிலும் தங்குவதில்லை. ஆகவேதான் தொட்டபெட்டா, படகு இல்லம், கோடநாடு காட்சிமுனை என்று ஒரே பகலில் ஓடி, மாலையில் களைப்பை மட்டும் சுமந்து இறங்குகிறோம். பசியைச் சற்றுப் பொறுத்தவனுக்கும் வழியெல்லாம் கால் நோக நடந்தவனுக்கும், எதிரே மூட்டையோடு நிற்பவளின் கால்வலி சொல்லாமலே விளங்கும். அந்த விளக்கத்தையும் நான் ஞானத்தின் பகுதியாகவே மதிக்கிறேன்.

அப்படி நின்று கேட்ட பழைய யாத்திரிகர் ஒருவரும் உண்டு. 1603-இல், இத்தாலியரான யாக்கோமோ பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார், பழைய கிறிஸ்தவர்கள் இம்மலைகளில் வாழ்கிறார்கள் என்று கேள்வியுற்று மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார். தேடி வந்த கிறிஸ்தவர்கள் கிடைக்கவில்லை. ஆயினும் தோடர்களின் பூசாரியிடம் அவருடைய எருமைகளையும் ஆசாரங்களையும் பற்றி விசாரித்து எழுதிவைத்தார். தன் மதமே மெய்யென்ற உறுதியோடு வந்தவரும் பிறருடைய தெய்வத்தைப் பற்றிக் கேட்க நின்றார் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

விரதம் கழன்று கூட்டம் மட்டும் பெருகும் இதே சங்கடம் அவர் பிறந்த தென் ஐரோப்பாவிலும் இன்று நேர்ந்திருக்கிறது. ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து செல்வோர், குறைந்தது 100 கிலோமீட்டரையாவது நடந்தே கடந்தால்தான் யாத்திரைச் சான்று பெறலாம் என்ற நியமம் அங்கே பிழைத்திருக்கிறது. வெனிஸ் நகரமோ, கூட்டம் தாளாமல், 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கிற்று. அடுத்த இரண்டு வாரத்துக்குள், மே 7 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன்னனுமதிச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, கோடைப் பருவத்துக்கு, வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இந்த வரம்பு நியாயமானது, அவசியமானது. ஆனால் தானே விரும்பி ஏற்க வேண்டிய அடக்கத்தை நீதிமன்றம் சொல்லிக் கற்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

ஆகவே, வரவிருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்: புறப்படுமுன் ஒருவேளை உணவையாவது விடுத்து மனத்தை ஆயத்தம் செய்யுங்கள், பத்து இடங்களுக்குப் பதில் ஓரிடத்தைத் தேர்ந்து நடந்து பாருங்கள், தோடர் குடியிருப்பான மந்துக்குள் அங்குள்ளவர் அழைத்தாலன்றி நுழையாதீர்கள், காட்டுமாட்டைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள், கட்டபெட்டில் கொழுந்து மூட்டையோடு ஒரு பெண் நின்றால், நிறுத்தி அவருக்கு முதலில் வழி விடுங்கள்.