பூட்டிய தோட்டமும் கனவுத் தோட்டமும்

கழிந்துபோன இன்பத்தை எண்ணிப் பார்ப்பது புண்பட்ட மனத்திற்கு மருந்தா, மயக்கமா? சிறுவர்க்கென எழுதப்பெற்ற ஆங்கிலக் கதைகள் இரண்டு, பெரியோர்க்கான நூல்கள் பலவற்றினும் நேர்மையாக இவ்வினாவை ஆராய்கின்றன என்பது என் கருத்து.

1911இல் பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் எழுதிய ‘இரகசியத் தோட்டம்’ ஒன்று. தோட்டத்து மரக்கிளை முறிந்து விழுந்த மனைவி இறந்துவிட, கிரேவன் என்பார் தோட்டத்தைப் பூட்டித் திறவுகோலைப் புதைத்துவிட்டு, ஊர் ஊராய் அலைகிறார். வீட்டிலே மகன் நோயாளி என்றே வளர்க்கப்படுகிறான். மௌத்தானவரின் பெயரைக் குழந்தையின் காதில் விழாமல் காப்பதே பரிவு என்று நம்மில் பலரும் நினைக்கிறோமே, கிரேவன் செய்ததும் அதுதான். பத்தாண்டுகளுக்குப் பின் இத்தாலிய ஏரிக்கரையில் அவர் காணும் கனவில், தோட்டத்திலிருந்து மனைவியின் குரல் அழைக்கிறது. திரும்பி வருகிறார், மகன் எதிரே ஓடி வருகிறான். அக்கனவு மகனைக் குணப்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணும் காற்றும் தோழமையும் அவனை முன்னரே எழுப்பிவிட்டன. கனவு திருப்பியது தந்தையை மட்டுமே.

பிலிப்பா பியர்ஸின் ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’ (1958) இன்னும் ஆழமானது. தம்பிக்குத் தட்டம்மை கண்டதால் சிற்றன்னை வீட்டிற்கு அனுப்பப்பட்ட டாம், இரவில் கடிகாரம் 13 முறை அடிக்கக் கேட்டுப் பின்கதவைத் திறக்கிறான். பகலில் குப்பைத்தொட்டிகள் கிடக்கும் முற்றம், இரவில் பெருந்தோட்டமாக விரிகிறது. அங்கே ஹாட்டி என்னும் அனாதைச் சிறுமி அவனுக்குத் தோழியாகிறாள். மாடியில் வாழும் மூதாட்டி பார்த்தலோமியூவே அந்த ஹாட்டி. அவன் நுழைந்தது அவருடைய கனவில்! இரு மைந்தரையும் முதல் உலகப் போரில் பறிகொடுத்து, கணவரையும் இழந்தவர் அவர்.

இது வாழ்விலிருந்து தப்பியோடுவதன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. அக்கனவில் அத்தையின் கடுமையும் உண்டு. ஹாட்டி வளர்கிறாள், திருமணத்தையும் எட்டிவிடுகிறாள். அங்கேயே தங்கிவிட விரும்பியவன் டாம்தான். ஒருநாள் கதவைத் திறந்தால் தோட்டமில்லை. அவள் பெயரைக் கூவி அலறுகிறான். மறுநாள் காலை மாடியில் இருவரும் அமர்ந்து பேசும்போதுதான் அவன் துயர் ஆறுகிறது. மூதாட்டிக்கும் தம் இளமையைக் கண்டறிந்த ஒருவன் கிடைக்கிறான். விடைபெற்று இறங்கிய டாம் மீண்டும் மாடிக்கு ஓடி, சிறுமியொருத்தியை அணைப்பதுபோல் அவரை அணைத்துக்கொள்கிறான்.