இராவணன் ஏன் வணங்கவில்லை?



திருப்புல்லாணியில் ஆதிஜகந்நாதனை ஸேவித்துத் தர்ப்பசயன ராமன் ஸந்நிதிக்கு வரும் அடியார்கள் அடியேனிடம் அடிக்கடி ஒன்று கேட்பதுண்டு. “வேதம் ஓதியவன், பெருந்தவம் புரிந்தவன், இராவணன் ஏன் இப்படிக் கெட்டான்?” என்பார்கள். காமத்தால் கெட்டான் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி விடையே.

காமமும், தங்கை சூர்ப்பணகை அடைந்த அவமானத்துக்குப் பழிதீர்க்கும் எண்ணமும் அவனைப் பஞ்சவடிக்கு இழுத்துச் சென்றன, மெய்தான். பிறகு பிராட்டியைத் திருப்பி அனுப்பவொட்டாமல் தடுத்தது எது? மாரீசன் முன்னமே எச்சரித்தான். விபீஷணன் மன்றாடினான். கும்பகர்ணன் இடித்துரைத்தான். வானர சேனை கடல் கடந்தபின் முதியவனான மால்யவானும் ஸந்தி செய்துகொள்ளும்படி வேண்டினான். அவனுக்கு இராவணன் கூறிய மறுமொழியை வால்மீகி முனிவர் யுத்த காண்டத்தில் காட்டுகிறார். கவர்ந்து வந்தவளை இராமனுக்கு அஞ்சி எதற்காகத் திருப்பித் தரவேண்டும் என்கிறான். எவர்க்கும் வளைந்து கொடாமை தன் பிறவிக் குற்றம் என்றும், இயல்பை மாற்றுதல் அரிது என்றும் தானே ஒப்புக்கொள்கிறான்.

அவனுடைய தத்துவம் முழுதும் இம்மறுமொழியில் அடங்கிவிட்டது. தவறைத் திருத்திக்கொள்வதற்கு அச்சம் என்று பெயரிட்டான். குற்றம் என்று அறிந்தும், அதனை இயல்பு என்று சொல்லிக் கேடயமாக்கிக்கொண்டான்.

இயல்பு மாறாதது என்றால் விபீஷணன் எப்படி வந்தான்? ஒரே வயிற்றில் பிறந்தவனன்றோ அவனும்? நான்கு துணைவரோடு இக்கடலைக் கடந்து வந்து சரணம் புகுந்தான். தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலே அவ்விடம் என்பர் பெரியோர். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது; அக்கோயில் நிலைத்து நின்றது.

வளையாமை வீரமன்றோ என்று வினவுவாரும் உளர். 1946-இல் வெளிவந்த புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ அவனையே தலைவனாகக் கொண்டது. அவனது ஆற்றலை வால்மீகியும் மறைத்தாரல்லர். ஆயினும், வளையாமை எதன்பொருட்டு என்று கேட்க வேண்டாமா? அசோகவனத்தில் பிராட்டியும் வளையவில்லை. சேனையும் ஆயுதமும் இன்றித் தர்மம் ஒன்றையே பற்றி நின்றாள். அதன் துன்பத்தைத் தானே சுமந்தாள். இராவணன் பிடிவாதத்தின் துன்பத்தையோ மகன் இந்திரஜித்தும் தம்பி கும்பகர்ணனும் இலங்கைப் பெண்டிரும் சுமந்தனர்.

பிறர் குற்றம் பேசுவதற்காக இதனை எழுதவில்லை. ஒருமுறை அடியேன் ஸ்வரம் பிழைத்து ஓதியதை இளைய வித்யார்த்தி ஒருவன் பணிவோடு சுட்டிக் காட்டினான். பிழை என்று உள்ளம் அக்கணமே அறிந்தது. வாயோ, “எங்கள் பாடம் இப்படித்தான்” என்றது. அவன் தலைகுனிந்து போனான். அன்றிரவு மால்யவானுக்கு இராவணன் கூறிய மறுமொழி நினைவுக்கு வந்தது; உறக்கம் வரவில்லை. மறுநாள் அவனை அழைத்துப் பிழையை ஒப்புக்கொள்ளும்வரை நெஞ்சம் ஆறவில்லை.

அன்பர்களே! அனைவர்க்கும் புகலான எம்பெருமானே இக்கரையில் மூன்று இரவுகள் தர்ப்பைப் புல்லில் கிடந்து கடலரசனை வேண்டினான். விபீஷணனை ஏற்கலாகாது என்று சுக்ரீவன் தடுத்தபோது, இராவணனே வந்தாலும் அபயம் உண்டு என்று அருளினான். கதவு திறந்தே இருந்தது; வரவேண்டியவன்தான் வரவில்லை. அவன் மாண்ட பின்னும், பகை மரணத்தோடு முடிந்தது என்று கூறி, ஈமக்கடன் செய்யுமாறு விபீஷணனைப் பணித்தது அப்பெருமானின் கருணை.

ஸேதுக்கரையில் நீராடி ஸந்நிதியில் தலை தாழ்த்துகிறோம். பெருமான் திருமுன்னே வணங்குவது எளிது. நம் பிழையைச் சுட்டிய மனிதர் முன்னே வணங்குவதே அரிது. ஊர் திரும்பியதும் அப்படி ஒருவரைத் தேடிச் செல்வோமாயின், இந்த யாத்திரை பூர்த்தியாகும்.