புகையிலை ஒரு வாசலா?

கோடியக்கரையை அடுத்த வேதாரண்யம் வட்டத்தின் மணற்பாங்கான நிலங்களில் விளையும் சரக்குகளுள் புகையிலையும் ஒன்று. பெயரில் புகை இருப்பினும், அங்கு விளைவது பெரும்பாலும் வாயிலிட்டு மெல்லும் வகையேயாகும். முதியோரின் வெற்றிலைப் பெட்டியில் பாக்கோடும் சுண்ணாம்போடும் அதற்கும் ஓரிடம் உண்டு. ஆகவே, காவிரிப் படுகையின் இத்தென்கோடியில் புகையிலை அந்நியப் பொருளன்று. உழவும் வணிகமும் உபசாரமும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன.

இக்கடற்கரைக்கு மற்றொரு முகமும் உண்டு. பாக் நீரிணையின் அக்கரையில் இலங்கை இருக்கிறது. இக்கரையிலிருந்து கஞ்சாவைப் படகேற்ற முயன்றோர் பிடிபட்ட செய்திகளை நாளேடுகளில் நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். அக்டோபர் முதல் மார்ச் வரை அயலூர் மீனவர் பலர் கோடியக்கரையில் வந்து தங்கித் தொழில் செய்வர். உழைத்துண்ணும் அம்மக்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. எனினும், புகையிலை எளிதாகக் கிடைப்பதும் கஞ்சா கடந்து செல்வதும் ஒரே கரையில் நிகழ்கையில், அங்கு வளரும் பிள்ளைகளைப் பற்றிய கவலை எழுவது இயல்பேயாகும்.

அக்கவலை ஒரு வினாவாகிறது. இளம் வயதிலேயே பீடியையோ மெல்லும் புகையிலையையோ தொட்ட பிள்ளை, பின்னர் மதுவுக்கும் கஞ்சாவுக்கும் செல்வானாயின், அதற்குப் புகையிலைதான் காரணமா? பீடியில் தொடங்கியவன் கஞ்சாவில் முடிவான் என்று பெரியவர்கள் எச்சரிப்பது மெய்யா, வெறும் அச்சுறுத்தலா? பிள்ளைகளிடம் மெய்யையே பேசக் கடமைப்பட்டவர்களாகிய நாம் இதனை ஆராய்ந்தே சொல்லுதல் வேண்டும்.

இவ்வெண்ணத்திற்கு அறிவியல் உலகில் உருக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் கேண்டல் அம்மையார். இளைஞர்கள் போதைப் பொருள்களைத் தொடுவதில் ஒரு வரிசை இருக்கிறது என்று 1975-இல் அவர் எழுதினார். அவர் கண்ட வரிசையில் புகையிலையும் மதுவும் முன்னே நின்றன. கஞ்சா அடுத்து வந்தது. ஏனைய கொடிய பொருள்கள் அதன் பின்னர் வந்தன. 2011-இல் அவரும், நோபல் பரிசு பெற்ற அவருடைய கணவர் எரிக் கேண்டலும், மற்றும் சிலரும் சேர்ந்து சுண்டெலிகளை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். 7 நாள் நிக்கோட்டின் கொடுத்துப் பின்னர் கொக்கெயின் கொடுத்தபோது, கொக்கெயினின் பாதிப்பு மிகுதியாயிற்று. வரிசையை மாற்றி, கொக்கெயினை முன்னும் நிக்கோட்டினைப் பின்னும் கொடுத்தபோது அவ்விளைவு தோன்றவில்லை. நிக்கோட்டின் மூளையை அடுத்த போதைக்குப் பதப்படுத்தி வைக்கிறது என்பது அவர்கள் கொண்ட முடிவு.

சுண்டெலி மனிதன் அன்று. ஆயினும் இதனைத் தள்ளிவிடவும் இயலாது. மனிதனின் முன்மூளை, அதாவது ஆசையை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கும் பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே வருகிறது என்பர். முதிராத மூளையில் முதலில் பதியும் பழக்கம் ஆழப் பதிகிறது. 2019-இல் நம் நாட்டில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே நடந்த கணக்கெடுப்பில், 100-க்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரியவந்தது. பீடி பிடிக்கும் பிள்ளைகளில் 100-க்கு 47 பேரும், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரில் 52 பேரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள்! ஓதப் பழகும் வயதில், சைக்கிள் ஓட்டப் பழகும் வயதில், இதையும் பழகிவிடுகின்றனர்.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். மத்ரஸாக்களில் தர்க்கக் கலைக்குத் தொடக்க நூலாக ஈஸாகூஜி ஓதப்படுவது வழக்கம். அதனை ஓதும் மாணவன் கற்கும் பாடங்களுள் ஒன்று, ஒரு கூற்றைத் தலைகீழாக்குவதற்கும் ஒரு முறை உண்டு என்பதாகும். மனிதர் யாவரும் உயிரினமே என்பது மெய். அதனைத் திருப்பி, உயிரினம் யாவும் மனிதரே என்று சொன்னால் பொய்யாகிவிடும். உயிரினங்களுள் சில மனிதர் என்று சொன்னால்தான் மெய்யாகும். கஞ்சாவில் வீழ்ந்தோருள் மிகப் பலர் புகையிலையில் தொடங்கியவர்கள் என்பதால், புகையிலையில் தொடங்கியோர் யாவரும் கஞ்சாவில் வீழ்வர் என்று ஆகாது. அவருள் சிலர் வீழ்வர் என்பது மட்டுமே ஆகும்.

எண்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயதிற்கு மேற்பட்டோரில் 100-க்கு 28.6 பேர் புகையிலை பயன்படுத்துவோர். டெல்லி எய்ம்ஸ் மருத்துவ நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் மது அருந்துவோர் 100-க்கு 14.6 என்றும், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 என்றும் காட்டிற்று. ஆண்டும் வயது வரம்பும் வேறாயினும் பொதுப் பொருள் தெளிவு: புகையிலையைத் தொட்டோரில் மிகப் பெரும்பாலோர் கஞ்சாவைத் தொடவில்லை. ஐம்பது ஆண்டுகள் வெற்றிலையோடு புகையிலை மென்று, வேறெதையும் ஏறெடுத்தும் பாராத பாட்டனார் நம் வீடுகளில் இல்லையா?

மற்றொன்றையும் கருத வேண்டும். காய்ச்சல் காணுமுன் உடல் நடுங்குகிறது. நடுக்கம்தான் காய்ச்சலை உண்டாக்கியது என்று எவரும் சொல்லார். இரண்டையும் உண்டாக்கிய நோய் உள்ளே இருக்கிறது. அதுபோலவே, வீட்டில் அன்பின்மை, பள்ளியை விட்டு நின்றுவிடுதல், தீய கூட்டு, துணிந்து எதையும் செய்து பார்க்கும் இயல்பு ஆகியவை ஒரு பிள்ளையைப் பீடிக்கும் தள்ளலாம். பின்னர் கஞ்சாவுக்கும் தள்ளலாம். பீடி எளிதில் கிடைப்பதால் அது முன்னே வருகிறது, அவ்வளவே என்று வாதிடும் அறிஞரும் உளர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுகளைக் கொண்டு 17 நாடுகளின் செய்திகளை ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த கட்டுரையொன்று, இவ்வரிசை எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல் இல்லையென்று காட்டியது. எது மலிந்து கிடக்கிறதோ அதற்கேற்ப வரிசையும் மாறுகிறது.

அப்படியாயின் புகையிலைக்குப் பழியே இல்லையா? உண்டு, ஆனால் தீ சுடுவது போன்ற தவறாத காரணம் அன்று அது. வாசல் போன்றது. வாசலில் நிற்பவன் எல்லாம் உள்ளே போவதில்லை. எனினும் உள்ளே போகிறவனுக்கு அது வழியை எளிதாக்குகிறது. புகையை நெஞ்சுக்குள் இழுத்து அடக்கும் பழக்கம் பீடியில் கைவந்தவனுக்குக் கஞ்சாப் புகை புதிதன்று. ஒளிந்து பிடிக்க ஓரிடம் தேடியவனுக்கு, அதே இடத்தில் பெரிய பையன்களின் கூட்டும் கிடைக்கிறது. அத்தாவிடம் பொய் சொல்லப் பழகிய நாவுக்கு இரண்டாவது பொய் பாரமாக இருப்பதில்லை. மறைவு, கூட்டு, பொய் ஆகிய இம்மூன்றும் நிக்கோட்டினைவிட விரைவாக ஒரு பிள்ளையை நடத்திச் செல்லும்.

ஒரு பொருளை அது கொண்டுசெல்லும் இடத்தை வைத்துத் தீர்ப்பளிக்கலாமா என்பது நம் சட்டமேதைகள் பல நூற்றாண்டுகளாக ஆய்ந்த வினாவேயாகும். தீமைக்கு இட்டுச்செல்லும் வழிகளை அடைத்தல் என்று பொருள்படும் 'ஸத்துத் தராயிஃ' என்பது அவ்வாய்வின் பெயர். மாலிக்கி மத்ஹபும் ஹன்பலி மத்ஹபும் இதனை விரிவாகக் கையாண்டன. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, வெளிப்படையாகச் செம்மையாயுள்ள செயலை ஐயத்தினால் மட்டும் செல்லாததாக்கத் தயங்கினார்கள். 1285-இல் மறைந்த மாலிக்கி அறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) வழிகளை மூன்றாகப் பகுத்தார்கள். மக்கள் நடக்கும் பாதையில் கிணறு தோண்டுதல் போன்றவை ஒருமித்துத் தடுக்கப்படுபவை. மது வடிக்கப்படலாம் என்று அஞ்சித் திராட்சை பயிரிடுவதைத் தடுத்தல் போன்றவை எவராலும் ஏற்கப்படாதவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவற்றில் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தப் பகுப்பு நமக்கு ஒளி தருகிறது. முதிர்ந்தவரின் புகையிலையைக் கஞ்சாவின் பெயரால் தடுக்க முனைவது திராட்சைக் கொடியை வெட்டுவதற்கு ஒப்பாகும். வேதாரண்யத்து உழவரைக் கஞ்சாவுக்குப் பொறுப்பாளியாக்குவதும் நீதியன்று. முதிர்ந்தவரிடம் சொல்ல வேண்டியது வேறு. புகையிலையின் கேடு புகையிலைக்குள்ளேயே இருக்கிறது. வாய்ப்புற்றுக்கும் இதய நோய்க்கும் கஞ்சாவின் துணை வேண்டியதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசில் சுல்தான் நான்காம் முராத் இதனைக் கடுமையாகத் தடைசெய்ததும், 1731-இல் மறைந்த அப்துல் கனீ நாபுலுஸீ போன்றோர் ஆகுமானது என்று நூலெழுதியதும், அதன் மருத்துவக் கேடுகள் இன்று போல் அறியப்படாத காலத்துச் செய்திகள்.

ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கையிலுள்ள பீடியோ, நடைபாதையில் தோண்டிய கிணற்றின் இனத்தைச் சேர்ந்தது. வழியில் வருகிற ஒவ்வொருவரும் அதில் விழுவதில்லை. அதற்காக அதனை மூடாமல் விடுவார் எவருமில்லை. இந்தோனேசிய உலமாப் பேரவை 2009-இல் அளித்த தீர்ப்பு இங்குக் கருதத்தக்கது. புகைபிடித்தலில் பொதுவாகக் கருத்து வேறுபாட்டிற்கு இடமளித்த அப்பேரவை, சிறாருக்கு அது ஹராம் என்று தனித்துக் கூறிற்று. நம் நாட்டுச் சட்டமும் அதே வழியிற் செல்கிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்திற்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறாருக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பதை ஒரே பிரிவில் வைத்து, 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

சட்டம் கடைக்காரரைப் பார்க்கிறது. நாம் நம் வீட்டைப் பார்ப்போம். மாமாவுக்குப் பீடிக்கட்டும், பாட்டியாருக்குப் புகையிலையும் வாங்கிவரப் பிள்ளையிடம் காசைக் கொடுத்தனுப்பும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கடைக்குச் செல்லும் வழியையும், கேட்க வேண்டிய பெயரையும், கொடுக்க வேண்டிய விலையையும் அப்பிள்ளைக்குக் கற்பித்தது யார்? தீய நண்பனைக் குற்றம் கூறுமுன் இதனை நாம் நிறுத்திவிடலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது, பிள்ளையிடம் மெய்யைச் சொல்லுதல். பீடி பிடித்தால் கஞ்சாக்காரனாகிவிடுவாய் என்று அச்சுறுத்தினால், அவன் பாட்டனாரைப் பார்ப்பான், மாமாவைப் பார்ப்பான். நாம் சொன்னது பொய் என்று கண்டுகொள்வான். பின்னர் கஞ்சாவைப் பற்றி நாம் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டான். புகையிலை உன் உடலைக் கெடுக்கும், உன்னை அடிமையாக்கும், மறைவிடங்களுக்கு அழைத்துச் செல்லும், அங்கே வேறு பொருள்களும் காத்திருக்கும் என்று உள்ளதை உள்ளபடி சொல்வதே போதும்.

மூன்றாவது, அகப்பட்ட பிள்ளையை நடத்தும் முறை. அடித்துத் துரத்தப்பட்ட பிள்ளைக்குப் போக இடம் ஒன்றுதான் உண்டு. அது அவன் எங்கே பீடி பிடித்தானோ அந்த இடமே. வாசலில் நிற்பவனை உள்ளே தள்ளிவிட்டுப் பழியைப் புகையிலையின் மேல் போடுவது நேர்மையாகாது. அவனை அருகில் அமர்த்தி, யாரோடு, எங்கே, எப்போது என்று பொறுமையோடு கேட்பவர் வீட்டில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. பிள்ளை பொய் சொல்லத் தேவையில்லாத வீட்டில், அவன் முதலடியிலிருந்தே திரும்பி வருவது எளிதாகும்.