பிரசவச் செலவு யாருடைய கடன்?



கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிலும் காலை முதல் இரவுவரை நின்றபடியே வேலை செய்யும் பெண்களை நீர் நாளும் காண்கிறீர். அவர்களுள் ஒருத்தி கருவுற்றால் அவளுக்கு இரு பயங்கள் உண்டாகின்றன. வேலைக்குப் போனால் உடல் தாங்காது. போகாவிட்டால் அடுப்பு எரியாது. இந்த இக்கட்டிலிருந்து அவளை விடுவிக்கும் கடமை யாருடையது?

சட்டம் இல்லாமல் இல்லை. பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலும், கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலும் வந்தன. முதல் இரு பிள்ளைகளுக்கு 84 நாட்கள், மூன்றாம் பிள்ளை முதல் 42 நாட்கள் என்றிருந்த பாகுபாடும் 2018இல் நீக்கப்பட்டது. இது நியாயமே. மூன்றாம் பிள்ளையைப் பெறுபவளுக்கு நோவு பாதியாகக் குறைவதில்லையே!

ஆனால் அந்த விடுமுறைச் சம்பளத்தைத் தனியார் துறையில் கொடுப்பவர் யார்? முதலாளி ஒருவரே. மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவர், வராதவளுக்கும் சம்பளம் கொடுத்து, அவளிடத்தில் நிற்பவளுக்கும் கொடுக்கவேண்டும். அவர் முணுமுணுப்பதில் வியப்பில்லை. அந்த முணுமுணுப்பின் பலனை அனுபவிப்பவளோ பெண். "புதிதாகக் கலியாணம் முடித்தவள் வேண்டாம்" என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. தாயைக் காக்க வந்த சட்டமே அவளுக்கு வாசலை அடைக்கும் தாழ்ப்பாளாகிவிடலாம்.

இந்த ஆபத்தை உலகம் முன்னரே உணர்ந்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1952ஆம் ஆண்டு உடன்படிக்கை, இச்செலவைத் தனி முதலாளி மேல் சுமத்தலாகாது, சமூகக் காப்புறுதியோ பொதுப் பணமோ தாங்கவேண்டும் என்கிறது. இலங்கை அதை 1993இல் ஏற்றது. இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்புறுதியில் சேர்ந்த பெண்ணுக்கு, எல்லாரும் செலுத்தும் பொது நிதியிலிருந்தே பிரசவகாலப் பணம் கிடைக்கிறது. நம் அரசும் 2015இல் கர்ப்பிணிகளுக்குப் போஷாக்குக் கொடுப்பனவைத் தொடங்கியது. அது நற்செயலே. எனினும் சத்துணவுக்கான உதவி வேறு, இழந்த சம்பளத்துக்கான ஈடு வேறு.

"பிள்ளை அவளுடையது, நாம் ஏன் வரி கொடுக்கவேண்டும்?" என்பார் உண்டு. அந்தப் பிள்ளைதான் நாளை நம் முதுமையில் மருந்து தருவதும், வீதி அமைப்பதும், வரி செலுத்துவதும். பலன் எல்லாருக்கும் என்றால் பாரமும் எல்லாருக்கும் உரியதே. அகுஸ்து இராயன் தன் குடிக்கணக்குக்காக நிறைமாதக் கர்ப்பிணியைப் பெத்லகேம்வரை நடக்கவைத்தான். அவளுக்கு ஓர் அறை தேட அவன் அரசில் ஒருவருமில்லை. பிள்ளையைத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொண்டு, பெற்றவளைக் கைவிடும் அரசு எதுவும் அவன் வழியிலேயே நிற்கிறது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தாய்மையின் பொருட்டுப் பெண் நட்டப்படலாகாது என்று வலியுறுத்தியதும் இதனாலேயே.

ஆகவே முதலாளிகளும் தொழிலாளரும் அரசும் சேர்ந்து செலுத்தும் பிரசவ நிதியொன்றை நம் பிரதிநிதிகளிடம் கேட்போமாக. அதுவரை நம் கையிலுள்ளதைச் செய்வோமாக. நம் வீட்டில் சமைத்துத் துவைக்கும் பெண்ணை இச்சட்டங்கள் எட்டுவதில்லை. அவள் கருவுற்றால் சம்பளத்தோடு ஓய்வு கொடுப்போமா, அல்லது வேறொருத்தியைத் தேடுவோமா? கருவிலுள்ள உயிர் புனிதமானது என்று கோவிலில் அறிக்கையிடும் நாம், அதைச் சுமப்பவளுக்கு அடுத்த மாதம் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் அந்த விசுவாசம் சோதிக்கப்படுகிறது.