முள் கம்பும் டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனும்

பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்பது கீதை வழியாக வந்து, காலண்டர் அட்டையில் அச்சாகும் அளவுக்குப் பழகிப்போன உபதேசம். பழகிப்போனதாலேயே அதன் சிக்கல் கண்ணில் படுவதில்லை. பலனைப் பற்றிக் கவலையே இல்லாதவன் வேலையை ஒழுங்காகச் செய்வானா? ஒழுங்காகச் செய்கிறவன் பலனை நினைக்காமல் இருக்க முடியுமா? இதை மேடையில் பேசுவதைவிட ஒரு பட்டறையில் வைத்துப் பார்ப்பது நல்லது. திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில், தத்துவம் தேடி வந்தவர்களும் அவர்கள் ஓட்டும் வாடகை வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் கேள்விக்கு இடமும் பொருந்துகிறது. பற்றற்ற செயலுக்கு அன்றாட வாழ்வில் கிடைக்கும் கறாரான பயிற்சி, தேய்ந்துகொண்டே இருக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்ப்பதுதான் என்பது என் கட்சி. புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவனுக்கு அந்தப் பொருளாவது மிஞ்சுகிறது.

இதற்கு டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. இந்த என்ஜின் நமக்கு அந்நியமல்ல. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 தொடங்கி, 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 வரை, ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இதில்தான் கை பழகினார்கள். ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்கும் மண்மேட்டில் தாவும் பந்தய வண்டிக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்கென்று தனி ஆயில் கிடையாது. பெட்ரோலில் 32-க்கு 1, 40-க்கு 1 என்று கலக்கும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைக்கிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் தூசு நேராகக் கிராங்க் அறைக்குள் போகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளை ஒவ்வொரு சுற்றிலும் உரசிக் கடக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி, உலர்த்தி, ஆயில் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். பிஸ்டனுக்கு ஆயுளை வருடத்தில் சொல்ல மாட்டார்கள், ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். கிராங்க் சீல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கூடுதல் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார்கள்: பிஸ்கட் பழுப்பு என்றால் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து, கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். இவ்வளவையும் முடித்தவருக்கு மிஞ்சுவது என்ன? வண்டி ஓடும். ஓட ஓட அவர் செய்த வேலை அழியத் தொடங்கும். ஜெயித்தால் கைதட்டல் ஓட்டியவருக்கு. தன் வேலை சரியாக இருந்தது என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே சான்று, எதுவும் ஆகவில்லை என்பதுதான்.

ரமணரிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி, நிஷ்காம கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. பிறகு மலையில் உலாவப் போனபோது ரமணர் வழியில் கிடந்த முள் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்களைச் சீவினார், கணுக்களை வழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றினார். சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று. எதிரே, தன் கம்பைத் தொலைத்துவிட்டு வந்த ஆட்டுக்காரப் பையனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார். கதை சொல்பவர்கள் அவர் கொடுத்துவிட்டதைத்தான் அழுத்திச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த ஆறு மணி நேரம் பெரிதாகப் படுகிறது. பலன் வேண்டாம் என்பவர் முள்ளை மட்டும் சீவிவிட்டு எழுந்திருக்கலாமே, கணுவையும் மெருகையும் யார் கேட்டார்கள்? செயலுக்கு இரண்டு கணக்குகள் உண்டு என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பு கையைக் குத்தாமல், பிடிக்க வாகாக இருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. அந்தக் கம்பால் எனக்கு என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. விடச் சொன்னது இரண்டாவதை மட்டும். முதலாவதையும் சேர்த்து விட்டவனை நம் ஊரில் சோம்பேறி என்பார்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. அதைக் கேஜ் வைத்து அளக்கிறவரின் அக்கறை முழுக்க முதல் கணக்கிலேயே நிற்க முடியும். முதலில் எழுப்பிய சிக்கலுக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

சைவ மரபுக்கு இது புதிதும் அல்ல. நால்வர் சிலைகளில் அப்பரை நாம் அடையாளம் காண்பதே உழவாரத்தால்தான். அது கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி. மழை பெய்தால் புல் மறுபடி முளைக்கும் என்பது தெரிந்தேதான் செதுக்கினார். கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு என்ற முறையிலும், சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து நிரந்தரமல்ல என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. அண்ணாமலையார் கோயிலில் 2017-இல் நடந்த குடமுழுக்கும் அந்த வரிசையில் ஒன்று. ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைப்பதையும் இங்கே சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பொட்டு வைத்த ஸ்பேனரால் போல்ட்டின் மரையைக் கெடுக்கிறவர்களும் உண்டு.

மெக்கானிக் கூலி வாங்குகிறாரே, அது பலன் இல்லையா என்பார்கள். கோயில் கட்டும் ஸ்தபதியும் கூலி வாங்குகிறவர்தான். கூலி பேசி முடித்த பிறகு, வாடிக்கையாளர் ஒருநாளும் திறந்து பார்க்கப்போகாத கிராங்க் சீலை அவர் சோதிக்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இன்னொரு ஆட்சேபம் ஆசிரமத்து நூலிலிருந்தே எழும். ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் சுமப்பானேன் என்று ‘நான் யார்?’ கேட்கிறது. எல்லா பாரத்தையும் ஈசன் சுமக்கும்போது நாம் எதைப் பராமரிக்க? அந்த உவமை பயணியின் கவலையைப் பற்றியது. ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கும் ஊழியரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. விடியும் முன் சமையலறையில் காய் நறுக்கி, கிழிந்த புத்தகங்களுக்கு பைண்டிங் போட்ட ரமணரும் உவமையை அப்படிப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

கனமான ஆட்சேபம் புகை பற்றியது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலையும் சேர்த்து எரிக்கிறது. புதிதாக உள்ளே வரும் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடுகிறது. டிவிஎஸ்ஸே 2015-இல் தன் எக்ஸ்எல் மொபெட்டை ஃபோர்-ஸ்ட்ரோக்காகக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வண்டியைப் பேணுவதில் என்ன புண்ணியம்? இங்கே விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். பற்றில்லாமை செய்கிறவனின் மனத்தைச் சுத்தம் செய்யலாம், காற்றைச் சுத்தம் செய்யாது. பல பத்தாண்டுகளாக மரம் நட்டு மீட்டுவரும் அருணாசலச் சரிவில் அந்த வண்டியை ஏற்றினால், அதைப் பழுதுபார்த்தவர் எத்தனை பற்றற்றவர் என்பது ஒரு சமாதானமே ஆகாது. மூடிய பந்தயத் தடத்தோடு அதன் இடம் முடிகிறது. அங்கும் அது எத்தனை காலம் என்பது வேறு விவாதம்.

கடைசியாக, நான் ஒத்துப்போக முடியாத ஓர் ஆதரவாளர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த அமெரிக்கர் ராபர்ட் பிர்சிக், மோட்டார் சைக்கிள் பராமரிப்பை முன்வைத்து 1974-இல் ஒரு தத்துவ நூல் எழுதினார். அதைப் படித்துவிட்டு, வண்டியை அக்கறையோடு பழுதுபார்ப்பதே தியானம்தானே என்கிறவர்கள் ரமணாசிரமத்துக்கும் வருகிறார்கள். ரமணர் காட்டிய விசாரம், கவனம் யாரிடமிருந்து எழுகிறது என்று திரும்பிப் பார்ப்பது. கார்புரேட்டர் ஜெட்டைத் துடைக்கும் கவனம் எவ்வளவு கூர்மையானாலும் வெளியே போகும் கவனம். 1927-இல் அவர் இயற்றிய ‘உபதேச உந்தியார்’ பலன் கருதாத செயலை மனத்தைத் திருத்தி வழி காட்டுவதாகச் சொல்லிவிட்டு, பூசை, செபம், தியானம் என்று மேலே போய் விசாரத்துக்கு வருகிறது. செயலோடு நிற்கவில்லை. ஆசிரமக் கட்டடங்கள் பலவற்றை ரமணரின் நேரடி மேற்பார்வையில் எழுப்பிய அண்ணாமலை சுவாமி, ஏறத்தாழ பத்தாண்டு செங்கல்லோடும் சுண்ணாம்போடும் உழைத்தவர். 1938-இல் அந்த வேலையை விட்டு, பக்கத்துப் பலாக்கொத்தில் தனித்திருந்து தியானம் செய்யப் போனார். ரமணர் தடுக்கவில்லை. 1995-இல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். அந்தப் பத்தாண்டு வீண் என்று அவர் சொன்னதில்லை, அதுவே போதும் என்றும் நினைக்கவில்லை. பிஸ்டன் மாற்றுகிற மெக்கானிக் நிற்பது அந்தப் பத்தாண்டுக்குள்தான்.