இருங்கள் என்று சொன்னவர்

தன்னை நம்பியவர்களிடம் "இங்கேயே இருங்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, மூன்று வருடம் கழித்துத் தானே கிளம்பி வந்துவிட்ட ஒரு மனிதரை என்னவென்று சொல்வது? ஹவுராவில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு நடுவே குடியிருக்கும் எனக்கு இது அடிக்கடி காதில் விழும் விஷயம். பெரும்பாலும் வசவாகத்தான் விழும்.

எங்கள் தெருவில் லிலுவா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஜேட்டு என்று கூப்பிடுவேன். 1950-ல் பாரிசாலிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளையாக வந்தவர். ஆனந்தபஜார் நாளிதழை நான்காக மடித்து, பூதக்கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்திக்கொண்டே காலை முழுக்கப் படிப்பார். ஜோகேந்திரநாத் மண்டல் பெயரை எடுத்தால் கண்ணாடி நின்றுவிடும். "ஜோகேன் அலி முல்லா" என்பார். அந்தக் காலத்தில் எதிராளிகள் வைத்த பட்டப்பெயர் அது. எழுபத்தைந்து வருடம் கழித்தும் உறைப்பு குறையவில்லை.

மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். பாரிசால் பக்கம் மைஸ்தர்காந்தி என்ற கிராமத்தில் 1904-ல் பிறந்த நாமசூத்திரர். கல்கத்தாவில் சட்டம் படித்தார். 1937 தேர்தலில் ஒதுக்கீடு இல்லாத பொதுத்தொகுதியில் சுயேச்சையாக நின்று, பாரிசாலின் பெரிய தத்தா குடும்பத்தைச் சேர்ந்த காங்கிரஸ்காரரைத் தோற்கடித்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆள் அன்றைய வங்காளத்தில் பொதுத்தொகுதியில் ஜெயிப்பது லேசான காரியமா? ஆரம்பத்தில் போஸ் சகோதரர்களோடுதான் இருந்தார். சுபாஷைக் காங்கிரஸ் வெளியேற்றிய பிறகு இவருக்கும் காங்கிரசுக்கும் நடுவே இருந்த கொஞ்சநஞ்ச ஒட்டும் போயிற்று.

பிறகு 1943-ல் முஸ்லிம் லீக்கின் நஜிமுதீன் அமைச்சரவையில் சேர்ந்தார். மந்திரி பதவிக்காகப் போனார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் வைத்த நிபந்தனைகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது: பட்டியல் சாதியினருக்கு மூன்று மந்திரி இடம், அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் ஐந்து லட்ச ரூபாய், அரசு வேலைகளில் வகுப்புவாரி விகிதம். அவருடைய கணக்கு எளிமையானது. கிழக்கு வங்காளத்து முஸ்லிமும் நாமசூத்திரரும் ஒரே சேற்றில் நெல் நட்டவர்கள், ஒரே ஆற்றில் வலை போட்டவர்கள், ஒரே ஜமீன்தாருக்கும் வட்டிக்காரனுக்கும் கடன்பட்டவர்கள். பள்ளிக்கூடம் எட்டாதது இருவருக்கும்தான். அப்படியிருக்கக் கூட்டு யாரோடு வைப்பது? கடன் பத்திரத்தை வைத்திருந்தவரோடா, பக்கத்து வயல்காரனோடா?

இதில் நம்மூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மண்டல் வங்காளத்தில் கிளை அமைத்த ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனுக்கு அகில இந்தியத் தலைவராக இருந்தவர் சென்னையின் என். சிவராஜ். 1946 தேர்தலில் வங்காளத்தில் அந்த ஃபெடரேஷன் பெற்ற ஒரே வெற்றி மண்டலுடையது. அந்த ஒற்றை இடத்தை வைத்துக்கொண்டு, மற்ற உறுப்பினர்களின் வாக்கையும் திரட்டி, பம்பாயில் வழி அடைபட்டிருந்த அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார். பிரிவினையில் அந்த இடம் போய், அம்பேத்கர் மறுபடி பம்பாயிலிருந்து வந்தது பின்கதை. ஆனால் முதல் கதவைத் திறந்துவிட்டவர் மண்டல்.

1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது தற்காலிகத் தலைவராக நாற்காலியில் அமர்ந்தவர் இவர்தான். மறுநாள் அதே சபையில், யார் எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும் அதற்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் ஜின்னா பேசினார். கேட்டுக்கொண்டிருந்த மண்டலுக்கு, தான் போட்ட கணக்கு சரி என்று தோன்றியிருக்காதா? அந்த வாரமே இரண்டு புதிய நாடுகளுக்கும் முதல் சட்ட அமைச்சர்கள் வந்தார்கள். டெல்லியில் அம்பேத்கர், கராச்சியில் மண்டல். இருவரும் ஒரே ஃபெடரேஷன்காரர்கள், இருவரும் தீண்டாமையில் பிறந்தவர்கள். 1950-ல் மண்டலும் 1951-ல் அம்பேத்கரும் ராஜினாமா செய்தார்கள். அதன்பிறகு நடந்த நேரடித் தேர்தல்களில் இருவருமே ஜெயிக்கவில்லை. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒருவருக்கு ஊர்தோறும் சிலை, மற்றவருக்குப் பட்டப்பெயர்.

1948 செப்டம்பரில் ஜின்னா இறந்துபோனார். 1949 மார்ச்சில் பிரதமர் லியாகத் அலி கான் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தோடு, அரசு மதத்தின் பக்கம் திரும்புவது தெளிவாகிவிட்டது. அந்த டிசம்பரில் குல்னா மாவட்டத்துக் கால்ஷிரா என்ற நாமசூத்திர கிராமத்தில் போலீஸ் புகுந்தது. 1950 பிப்ரவரியில் டாக்காவிலும் பாரிசாலிலும் கலவரம். பாரிசால் மண்டலின் சொந்த மாவட்டம். ஜேட்டுவின் அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு படகேறியது அப்போதுதான். அந்தக் கதையைச் சொல்லும் ஜேட்டு அடுத்த மாதக் கதையைச் சொல்லமாட்டார். 1950 மார்ச்சில் இதே ஹவுராவில் முஸ்லிம்கள் மீது கலவரம் பாய்ந்தது, ராணுவத்தை இறக்கவேண்டியிருந்தது. ஏப்ரலில் நேருவும் லியாகத்தும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் இரு பக்கமும் வீடுகள் கைமாறிவிட்டன.

அக்டோபர் 8 அன்று, கல்கத்தாவுக்கு வந்துவிட்ட நிலையில், மண்டல் லியாகத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாக நீளும் கடிதம். ஊர் பெயர், தேதி, யார் செத்தார்கள், எந்த அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார் என்று அடுக்கிக்கொண்டே போகும். கராச்சியில் அவரைத் துரோகி என்றார்கள். கல்கத்தாவில் அதே சொல் ஏற்கெனவே காத்திருந்தது.

அவர் மீதான மிகக் கனமான குற்றச்சாட்டை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பதவியில் இருந்தவரால் விமானம் ஏறி வந்துவிட முடிந்தது. அவர் பேச்சை நம்பி இருந்துவிட்ட குடியானவனால் முடியவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் அவன் இருந்திருப்பான் என்பது உண்மைதான். இரண்டு பீகா நிலமும் ஒரு படகும் உள்ளவன் அவற்றை எங்கே தூக்கிக்கொண்டு போவான்? முதலில் வந்தவர்கள் கல்கத்தாவில் சொந்தபந்தமும் படிப்பும் உள்ள மேல்சாதிக்காரர்கள். இருந்தாலும் "இரு" என்று சொன்ன வாய்க்கு ஒரு பொறுப்பு உண்டு. நிலைமை மாறும்போது முதல் அடி அந்த ஆளின் மேல் விழவேண்டும், கடைசி அடி அல்ல. 1946 நோவகாளிக் கலவரத்துக்குப் பிறகும் லீக்கோடு ஒத்துழைத்ததை அந்தக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். நான்கு வருடத் தாமதம் அது.

ஈழத்தில் இதே காலத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்த சி. சுந்தரலிங்கம், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை ஒட்டி 1948-லேயே வெளியேறினார். அதே ஆண்டு ஜி.ஜி. பொன்னம்பலம் உள்ளே போனார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து தனிக்கட்சி கண்டார். பெரும்பான்மையோடு உட்கார்ந்து பேசலாம் என்று உள்ளே போகிறவனும், இனி பேச ஒன்றுமில்லை என்று வெளியே வருகிறவனும் எல்லாச் சிறுபான்மையிலும் இருப்பார்கள். சில சமயம் இருவரும் ஒரே ஆளாக இருந்துவிடுகிறார்கள். உள்ளே போகாமலே விமர்சித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் சட்டையில் கறை படுவதில்லை.

மண்டலின் கதையில் என்னை அதிகம் இழுப்பது ராஜினாமாவுக்குப் பிந்தைய 18 வருடங்கள். வேறொருவராக இருந்தால் வக்கீல் தொழிலைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருப்பார். இவர் தன்னை ஏசிய அதே அகதிகளின் முகாம்களுக்குப் போனார். சீல்டா ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய நாமசூத்திரர்களை அரசு கொத்துக் கொத்தாக வங்காளத்துக்கு வெளியே அனுப்பப் பார்த்தது. மேற்கே போகிற ரயில் எங்கள் ஹவுராவிலிருந்துதான். ஆறும் நெல்லும் தெரிந்த மக்களைத் தண்டகாரண்யத்துப் பாறையில் கொண்டுபோய் விடாதே என்று நடந்த போராட்டங்களில் மண்டல் நின்றார். திரும்பத் திரும்பத் தேர்தலிலும் நின்றார், தோற்றார். யார் முன்னால் தலைகுனியவேண்டுமோ அவர்கள் முன்னால் போய் நிற்பதற்கு, மந்திரி பதவியை உதறுவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும் என்பது என் எண்ணம். அதை வைத்து அவருடைய பழைய கணக்கு நேராகிவிடாது. ஆனால் ஒருவரை அளக்க 1943-ஐயும் 1947-ஐயும் எடுத்துக்கொண்டு, பிந்தைய பதினெட்டைத் தள்ளிவிடுவது நியாயமான அளவை அல்ல.

1968 அக்டோபர் 5 அன்று எல்லையோர ஊரான போன்காவில் இறந்தார். அவர் தடுக்கப் பார்த்தது அவருக்குப் பின் எப்படி முடிந்தது என்பதற்கு 1979-ல் மரிச்ஜாப்பி தீவில் நடந்தது சாட்சி. தண்டகாரண்யத்திலிருந்து திரும்பி வந்து குடியேறிய அகதிகளை மாநில அரசே முற்றுகையிட்டு விரட்டியது.

இன்று அவர் பெயர் மறுபடி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தபோது, 2020 பிப்ரவரியில், பிரதமர் மோடி மக்களவையில் அவரைக் குறிப்பிட்டார். ராஜினாமாக் கடிதம் அரசியல் மேடைகளில் சுற்றுகிறது, தலித்தும் முஸ்லிமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சியாக. எல்லோரும் எடுத்துக்காட்டுவது கலவரப் பட்டியல் உள்ள பக்கங்களை. அந்தப் பக்கங்கள் உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே கடிதத்தின் தொடக்கத்தில், தான் ஏன் லீக்கோடு போனேன் என்பதற்கு மண்டல் காரணம் எழுதியிருக்கிறார். நிலமில்லாமை, படிப்பில்லாமை, வங்காளத்து மேல்சாதி அரசியலில் தன் மக்களுக்குக் கிடைத்த இடம் எல்லாம் அந்தக் காரணங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. கடிதம் உங்கள் கைக்கு வந்தால் அந்த முதல் பத்திகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.